பழைய பேராசிரியரை நேரில் போய்ப் பார்ப்பதா, மெயில் போதுமா? மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கலாம் என்று இருக்கிறேன். காலேஜுக்குப் போய் சாரைப் பார்த்தே ஆகணுமா? மெயில் போட்டால் போதாதா?" கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பவர்கள். கல்லூரி ஈரோடு, விருதுநகர், நாகர்கோவில் என்று எங்கோ இருக்கும். லீவு கிடைப்பது கஷ்டம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் உண்டு. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை, இப்போது காரியத்துக்காகப் போய் நிற்பதா என்ற தயக்கம்.

நான் இரண்டு வழியிலும் விண்ணப்பித்தவன். முதல் வருஷம் எல்லாவற்றையும் மெயிலிலேயே முடித்தேன். அடுத்த வருஷம் ரயில் ஏறினேன். அந்த அனுபவத்தையும், பிறகு ஜூனியர்கள் விண்ணப்பிக்கும்போது கூட இருந்து பார்த்ததையும் வைத்து நான்கு வழிகளை இங்கே எடை போடுகிறேன்: நேரில் போவது, போன் அல்லது வீடியோவில் பேசுவது, மெயில் எழுதுவது, பேராசிரியரை விட்டுவிட்டு சீனியரையோ, காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்துக்கு உதவும் கன்சல்டன்சியையோ நாடுவது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேராசிரியரிடம் நமக்கு இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று ஆலோசனை: எனக்கு எது சரிவரும், எம்.எஸ்.ஸா பிஎச்.டி.யா, என் விண்ணப்பத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது. இன்னொன்று பரிந்துரைக் கடிதம், நாம் எல்ஓஆர் என்று சொல்வது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம். ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் வழி மற்றதற்குப் பொருந்துவதில்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து.

உள்ளதைச் சொல்வாரா? நம் மதிப்பெண், நம் பிராஜெக்ட், நம் சோம்பல் எல்லாம் தெரிந்தவர் அவர். அதை வைத்து அவர் நினைப்பதை நம்மிடம் அப்படியே சொல்லும் வாய்ப்பு எந்த வழியில் அதிகம்?

நம்மை நினைவுக்குக் கொண்டுவருமா? ஒரு வகுப்பு என்றால் 60 பேர். வருஷத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு எடுக்கும் ஒருவர் நீங்கள் வெளியேறிய பிறகு சில நூறு பேரைப் பார்த்திருப்பார். உங்கள் பெயர் மறந்திருந்தால் அது அவர் தவறில்லை. நினைவில்லாமல் எழுதும் கடிதம் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர், நேரத்துக்கு வருவார்" என்பதைத் தாண்டாது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அப்படிப்பட்ட கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

மறுக்க இடம் தருகிறதா? இதை யாரும் யோசிப்பதில்லை. அரைமனதோடு சம்மதிக்கும் ஒருவரின் கடிதத்தைவிட "இன்னாரைக் கேள், அவருக்கு உன்னை நன்றாகத் தெரியும்" என்று அவர் கைகாட்டிவிடுவது நமக்கு எவ்வளவோ நல்லது.

எழுத்தில் தங்குகிறதா? கடைசித் தேதி, இணைப்பு, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடப்பிரிவு. இவை வாய்ச்சொல்லில் நிற்காது.

என்ன செலவு? பணம் மட்டும் கணக்கில்லை. லீவு, காத்திருப்பு, அவருடைய நேரம், நம் மனச்சுமை எல்லாம் சேர்த்துத்தான்.

## நேரில் போவது

நான் படித்தது ஈரோட்டுப் பக்கம், சிவில். வேலை சென்னையில். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஈரோடு. அதே ரயிலில் இரவு திரும்பலாம். ஆக ஒரே ஒரு நாள் லீவு. முதல் வருஷம் இந்த ஒரு நாளைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

இரண்டாம் முறை என் பிராஜெக்ட் கைடைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் "வாப்பா, கல்யாணமா?" என்றார். பழைய மாணவன் வந்து நின்றால் கையில் பத்திரிகை இருக்கும் என்பதுதான் அவர் அனுபவம். இல்லை சார், மேலே படிக்கலாம் என்று இருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. காரியத்துக்காகப் போகிறோமே என்று தயங்குபவர்களுக்கு இதற்காகவே இதைச் சொல்கிறேன். படிப்பைப் பற்றிக் கேட்க ஒரு மாணவன் திரும்பி வருவது ஆசிரியருக்குத் தொந்தரவு கிடையாது.

என் எஸ்ஓபியை, அதாவது ஏன் மேலே படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையை, நீட்டினேன். இரண்டு பத்தி படித்துவிட்டு கீழே வைத்தார். எழுந்து போய் பீரோவில் இருந்து எங்கள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலை சிமென்ட்டுக்குப் பதிலாக 30 சதவீதம் கலந்து 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் வார்த்து உடைத்துப் பார்த்த வேலை அது. ரிப்போர்ட்டில் 28 நாள் வலிமை மட்டும் இருந்தது. "7 நாள் எண்கள் எங்கே?" என்றார். சாம்பல் சேர்த்த கனசதுரங்கள் 7 நாளில் சாதாரணக் கான்கிரீட்டைவிடக் குறைவாகத்தான் தாங்கின. அசிங்கமாக இருக்கும் என்று நாங்களே விட்டுவிட்டோம். அதைச் சொன்னேன்.

"அதுதானப்பா உன் கேள்வியே. சாம்பல் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுவேறும். ஏன் மெதுவாக ஏறுகிறது, அதை எப்படி வேகப்படுத்துவது, இதைத்தான் மேலே படிக்கப் போகிறேன் என்று எழுது. சின்ன வயதிலிருந்து கட்டடங்கள் மேல் ஆர்வம் என்று எழுதியிருக்கிறாயே, அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்."

அந்த அரை மணி நேரத்தில் என் விண்ணப்பமே வேறாகிவிட்டது. மெயிலில் எஸ்ஓபியை அனுப்பியிருந்தால் "நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள்" என்று ஒரு வரி வந்திருக்கும். முதல் வருஷம் அப்படித்தான் வந்தது, அதே மனிதரிடமிருந்து. அவரை நான் குறை சொல்லவில்லை. பீரோ பக்கத்தில் இருந்ததும், ரிப்போர்ட் கைக்கு எட்டியதும், எதிரே நான் உட்கார்ந்திருந்ததும் சேர்ந்துதான் அந்தப் பேச்சை உண்டாக்கின.

இன்னொன்றும் அன்று நடந்தது. முதல் வருஷம் மூன்று கடிதங்களில் ஒன்று கடைசி வரை போய்ச் சேரவில்லை. அந்த ஆசிரியருக்கு மூன்று முறை நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லை. என்னை மதிக்கவில்லை என்று மனதுக்குள் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். டிபார்ட்மென்டில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அவர் அந்த ஜூன் மாதமே வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருந்தார். பழைய கல்லூரி மெயிலை யாருமே திறக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு மேடம் அவருடைய புது எண்ணைக் கொடுத்தார், இரண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்தது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். இதை மனதில் வைக்காமல் மெயிலை மட்டும் நம்பினால் என் கதைதான்.

மூன்றாவது லாபம் ஆட்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவார். "போன வருஷம் நம் பையன் ஒருவன் ஜெர்மனி போனானே, அவன் எண் இருக்கிறதா?" என்பார். இதெல்லாம் திட்டமிட்டு நடப்பதில்லை, போய் நின்றால் நடக்கும்.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவுகள் என்ன?

பெரியது, நேரில் கேட்டால் மறுக்க முடியாது. நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் "உன்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்ல நம் ஆசிரியர்களுக்கு மனம் வராது. சம்மதித்துவிடுவார்கள். அந்தச் சம்மதத்தில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இதற்கு நான் கண்ட வழி, போன அன்று கடிதம் கேட்காமல் இருப்பது. ஆலோசனை மட்டும் கேளுங்கள். கிளம்பும்போது, "கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் சார். என்னைப் பற்றி விவரமாக எழுத உங்களிடம் விஷயம் இருக்கும் என்று தோன்றினால் சொல்லுங்கள், மெயில் அனுப்புகிறேன்" என்று விட்டுவிட்டு வாருங்கள். விருப்பம் உள்ளவர் அங்கேயே "அனுப்பு" என்பார். இல்லாதவருக்கு நழுவ ஒரு வழி இருக்கும்.

அடுத்தது, போன நாள் வீணாகிவிடக்கூடும். இன்டர்னல் தேர்வு, கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்யும் குழு வரும் வாரம், செய்முறைத் தேர்வு நடக்கும் நவம்பர், விடைத்தாள் திருத்தும் நாட்கள், இவற்றில் போய் மாட்டினால் வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முன்கூட்டியே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, எந்த நாள் எந்த பீரியட் அவருக்குச் சும்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். பல கல்லூரிகளில் இப்போது கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் பெயரைச் சொன்னால் உள்ளே விடுவார்களா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பரிசுப் பொருள் பற்றிக் கேட்கிறார்கள். பழமோ இனிப்போ வாங்கிப் போவது நம் வழக்கம், அதில் தவறில்லை. விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். கடிதம் எழுதப் போகிறவருக்கு அது சங்கடம்.

கடைசியாக, அவர் சொல்வது எல்லாமே வேதவாக்கு இல்லை. 15 வருஷத்துக்கு முன் உள்நாட்டிலேயே பிஎச்.டி. முடித்தவருக்கு இன்றைய அமெரிக்கச் சேர்க்கை நிலவரம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களைப் பற்றியும் உங்கள் துறையைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைக்கும், ஜிஆர்இ நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடம் கேட்டு அவரைத் திண்டாட வைக்காதீர்கள்.

## போன், வீடியோ

நேரில் போக முடியாதவர்களுக்கு அடுத்த நல்ல வழி இதுதான். வெளிநாட்டில் வேலையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், ஆசிரியர் ஓய்வுபெற்று சொந்த ஊர் போய்விட்டவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

போனைவிட வீடியோ மேல், காரணம் முகம். பெயர் மறந்தவருக்கும் முகம் பார்த்தால் "ஓ, நீயா! கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாயே" என்று வந்துவிடும். எஸ்ஓபியைத் திரையில் காட்டிப் பேசலாம். ரிப்போர்ட்டின் பிடிஎஃப் உங்களிடம் இருந்தால், முக்கியமான இரண்டு பக்கங்களை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பீரோ இல்லாத குறை ஓரளவு தீரும்.

குறை என்ன என்றால், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். நேரில் ஒரு மணி நேரம் உட்காருபவர் போனில் பத்து நிமிஷத்தில் "சரிப்பா, ஆல் தி பெஸ்ட்" என்று முடித்துவிடுவார். வீட்டில் இருந்து பேசினால் பக்கத்தில் ஆயிரம் வேலை. அதனால் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். என் அனுபவத்தில் "சார், நீங்கள் தேர்வுக் குழுவில் இருந்தால் என் விண்ணப்பத்தில் எதைப் பார்த்துத் தயங்குவீர்கள்?" என்ற கேள்விக்குப் போனிலும் நல்ல பதில் கிடைக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிடாதீர்கள். "எப்போது பேசலாம் சார்?" என்று ஒரு செய்தி போதும்.

பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரியில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் இருவருக்கும் மறந்துவிடும்.

## மெயில்

ஆலோசனைக்கு மெயில் மோசம், கடிதத்துக்கு மெயில்தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்றால் கடிதம் என்பது இன்று முழுக்க மெயில் வழியாகத்தான் நடக்கிறது. விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயரையும் மெயில் முகவரியையும் கொடுக்கிறோம். பல்கலைக்கழகம் அவருக்கு நேரடியாக ஒரு இணைப்பு அனுப்புகிறது. அவர் அதில் போய் கடிதத்தைப் பதிவேற்றுகிறார். அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்பார்கள். எட்டு இடத்துக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் எட்டு இணைப்பு, எட்டு தேதி. இதை நேரில் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு பட்டியலாக, தேதி வரிசையில் மெயிலில் இருந்தால்தான் அவரால் சமாளிக்க முடியும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஆசிரியர்களில் பலர் எல்லாவற்றுக்கும் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் கல்லூரி முகவரியில் இருந்துதான் கடிதம் வர வேண்டும் என்கின்றன. அவருக்குக் கல்லூரி முகவரி இருக்கிறதா, அதைத் திறந்து பார்க்கிறாரா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சோதனை மெயில் அனுப்பி, "கிடைத்ததா சார்?" என்று போனில் கேட்டுவிடுங்கள். இணைப்பு ஸ்பேம் பெட்டியில் போய் விழுவது மிகச் சாதாரணம். அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெயிலில் என்ன இருக்க வேண்டும்? தலைப்பிலேயே உங்கள் பெயர், முடித்த ஆண்டு, பதிவு எண். உள்ளே அவரிடம் படித்த பாடம், வாங்கிய மதிப்பெண், செய்த பிராஜெக்ட். உங்கள் புகைப்படம் ஒன்று. வகுப்புப் படத்தில் வட்டம் போட்டு அனுப்பிய ஒரு ஜூனியருக்கு அரை மணியில் பதில் வந்தது. இணைப்பாக மதிப்பெண் பட்டியல், எஸ்ஓபி, சுயவிவரம்.

இனி, எல்லோரும் மெல்லக் கேட்கும் விஷயம். "நீயே எழுதிக் கொண்டுவா, நான் போட்டுவிடுகிறேன்" என்பார் சில ஆசிரியர்கள். வேலைப்பளுவில் சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். அமெரிக்க விண்ணப்பங்களில், இந்தக் கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அது 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் குறித்த அந்நாட்டுச் சட்டத்தால் வந்தது. பெரும்பாலானோர் விட்டுக்கொடுப்பதாகத்தான் குறிக்கிறார்கள், குறிப்பதும் நல்லது. படிக்க மாட்டேன் என்று குறித்துவிட்டு அந்தக் கடிதத்தை நாமே எழுதுவது பொய். அதோடு, மூன்று கடிதங்களையும் ஒரே கை எழுதினால் நடை காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குப் பதிலாகக் குறிப்புகள் கொடுங்கள். "இரண்டாம் கட்டத்தில் கனசதுரங்கள் விரிசல் விட்டபோது நான் மட்டும் சனிக்கிழமை வந்து மறுபடி வார்த்தேன், நீங்கள் வந்து பார்த்தீர்கள்" என்பது போல நடந்த ஐந்தாறு விஷயங்கள். அவரே வாக்கியமாக்கிக்கொள்வார். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியர்களும் உண்டு. எளிய ஆங்கிலம் போதும், விஷயம் இருந்தால் போதும் என்று பணிவாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

மெயிலின் மறைமுகச் செலவு மௌனம். பதில் வராத ஒவ்வொரு நாளும் மனதைத் தின்னும். ஒரு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் போனை எடுத்துவிடுங்கள். நான் செய்த தவறு மூன்றாவது மெயிலும் அனுப்பியதுதான்.

## சீனியர், கன்சல்டன்சி

இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

போன வருஷம் சேர்ந்த சீனியர் ஒரு பொக்கிஷம். வாடகை எவ்வளவு, விசா நேர்காணலில் என்ன கேட்டார்கள், எந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஜெர்மனி என்றால் நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு எப்போது போட வேண்டும், விண்ணப்பங்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் யூனி-அசிஸ்ட் மூலம் எப்படி அனுப்புவது என்பதை எந்தக் கல்லூரி ஆசிரியரையும்விடத் துல்லியமாகச் சொல்வார். ஆனால் அவர் தன் ஒரு பாதையை மட்டும் பார்த்தவர். தனக்குக் கிடைத்ததால் உனக்கும் கிடைக்கும் என்பார், கிடைக்காதவர்களின் கதை அவர் காதுக்கு வந்திருக்காது. உங்கள் பலவீனமும் அவருக்குத் தெரியாது.

கன்சல்டன்சி பற்றிக் கறாராகவே சொல்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு, வீட்டில் கேட்க ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, அவர்கள் உதவியாக இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் பல நிறுவனங்களுக்குச் சில பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருகிறது. அவர்கள் கைகாட்டும் பட்டியலை அதை மனதில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயரில் ஒரு மெயில் முகவரியை உருவாக்கி அவர்களே கடிதம் ஏற்றிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வாருங்கள். அது மோசடி. பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே பறிபோகும், அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பீர்கள்.

## ஒரே பார்வையில்

| | நேரில் | போன், வீடியோ | மெயில் | சீனியர், கன்சல்டன்சி |
|---|---|---|---|---|
| உள்ளதைச் சொல்வது | மிக அதிகம் | ஓரளவு, கேள்வி கூராக இருந்தால் | குறைவு | சீனியர் சொல்வார், ஆனால் உங்களைத் தெரியாது |
| நினைவுக்கு வருவது | உடனே | வீடியோ என்றால் நன்று | படமும் விவரமும் இருந்தால் | பொருந்தாது |
| மறுக்க இடம் | மிகக் குறைவு | குறைவு | நிறைய | பொருந்தாது |
| எழுத்தில் தங்குவது | இல்லை, நாம்தான் எழுத வேண்டும் | இல்லை | முழுமையாக | பாதி |
| செலவு | லீவு, பயணம், காத்திருப்பு | ஏறக்குறைய இல்லை | காத்திருக்கும் மன உளைச்சல் | சீனியருக்கு நன்றி, கன்சல்டன்சிக்குப் பணம் |
| எதற்குச் சிறந்தது | ஆலோசனை | போக முடியாதபோது ஆலோசனை | கடிதம் | விசா, வாடகை, நடைமுறை |

## யாருக்கு எது

படித்து முடித்து இரண்டு வருஷத்துக்கு மேல் தொடர்பே இல்லை என்றால் ஒரு முறையாவது நேரில் போங்கள். துறை மாறுபவர்களும், எம்.எஸ்.ஸா பிஎச்.டி.யா என்று முடிவுக்கு வராதவர்களும் அப்படியே. அரியர் இருந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும் என்பேன். மூன்றாம் செமஸ்டரில் வீட்டில் நடந்த ஒரு சாவினால் இரண்டு பேப்பர் போனது என்றால், அதை நீங்கள் எஸ்ஓபியில் எழுதினால் சாக்குப்போல இருக்கும். அந்த வருஷம் உங்களுக்கு வகுப்பெடுத்தவர் தன் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் அதற்கு வேறு எடை. அந்த வரியை எழுதச் சொல்லி மெயிலில் கேட்பது கஷ்டம். எதிரே உட்கார்ந்து பேசினால் அவராகவே முன்வருவார்.

அவரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டவர்கள், இப்போதும் மாதம் ஒரு முறையாவது பேசுபவர்கள், அவரிடமே ஆய்வு உதவியாளராக இருந்தவர்கள் போக வேண்டியதில்லை. மெயில் போதும். அவருக்கு உங்களை ஏற்கெனவே தெரியும்.

கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஐஐடிகளில் எம்.டெக். சேரப் போகிறவர்கள் கடிதத்துக்காகப் பயணம் செய்யவே வேண்டாம். பொதுச் சேர்க்கைத் தளத்தில் மதிப்பெண்தான் பேசும். ஆராய்ச்சி வழி எம்.எஸ்., பிஎச்.டி. என்றால் நேர்காணல் உண்டு. அதற்கு முன் பழைய ஆசிரியரிடம் போய் அரை நாள் அடிப்படைகளைப் பேசிவிட்டு வருவது பெரிய பலம்.

கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் நேரில் போகாதீர்கள். அந்த நேரத்தில் ஆலோசனை கேட்டு ஒன்றையும் மாற்ற முடியாது. உடனே போன், கையோடு மெயில்.

மூன்று கடிதம் வேண்டும், மூவரும் மூன்று ஊரில் இருக்கிறார்கள் என்றால் பிராஜெக்ட் கைடை மட்டும் நேரில் பாருங்கள். மற்ற இருவருக்கும் வீடியோ. வேலை பார்க்கும் இடத்து மேலாளர் ஒருவரும் எழுதலாம் என்று பல எம்.எஸ். படிப்புகள் அனுமதிக்கின்றன, அப்படியானால் இன்னும் சுலபம்.

## எப்போது, எந்த வரிசையில்

அமெரிக்காவில் பிஎச்.டி. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரை. நம் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் அதே நவம்பர், டிசம்பரில்தான். ஆசிரியருக்கு மூச்சு விட நேரம் இல்லாத நாட்கள் அவை. அதனால் ஆகஸ்டில் நேரில் போய்ப் பேசுங்கள். செப்டம்பரில் பட்டியலை முடித்து மெயில் அனுப்புங்கள். அக்டோபர் முடிவதற்குள் எல்லா இணைப்புகளும் அவர் கைக்குப் போய்விட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால், போகும் அன்றே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கும் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் சேர்த்துத் தரும் சான்று) எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு லீவில் இரண்டு வேலை.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி. வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில இடங்களில் அதற்கும் வெகு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பொங்கல் கழிந்த ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு, பிறகு விடுமுறை, ஆள் கிடைக்க மாட்டார்.

போய்விட்டு வந்த அன்றிரவு ரயிலிலேயே, அவர் சொன்னதை எல்லாம் எழுதிவிடுங்கள். மறுநாள் ஒரு சின்ன நன்றி மெயில். அவர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, இரண்டு வாரத்தில் புது எஸ்ஓபியை அனுப்புங்கள். சொன்னதைக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தால் கடிதத்தில் அது தானாக வரும்.

பிப்ரவரி, மார்ச்சில் பதில்கள் வரத் தொடங்கும். அமெரிக்காவில் உதவித்தொகையோடு வரும் இடங்களுக்கு, இதற்கான பொது உடன்பாட்டை ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகங்களில், ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவார்கள். இரண்டு இடம் கிடைத்து எதை எடுப்பது என்று திணறினால் அப்போது ஒரு போன் போதும், உங்கள் கதை முழுக்க அவருக்குத் தெரியும். சேரும் இடம் முடிவானதும் எழுதிக் கொடுத்த மூவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். முதல் வருஷம் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அடுத்த ஆகஸ்டில் போய் நின்றபோது சார் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "போன வருஷம் எழுதிக் கொடுத்தேனே, என்னப்பா ஆச்சு?" என்பதுதான்.